தயிர்க் கலயமும் பல்லின் வேரும்: மூலிகைக் கழுவுநீர் எப்படி வேலை செய்கிறது?

மண் கலயத்தில் பாலை உறை ஊற்றும் வீடுகளில் இந்தத் தொல்லை தெரியும். கலயத்துக்கு வாய் குறுகல், வயிறு அகலம். கை உள்ளே போகாது. குச்சியில் தேங்காய் நாரைச் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தாலும் நார் படுகிற இடம் பாதிதான். தோள் வளைவுக்குள் ஒட்டிய ஆடை அப்படியே கிடக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் சுவரில் இருக்கிறது. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். பாலின் கொழுப்பும் புரதமும் அவற்றுக்குள் இறங்கிப் புளித்து, மறுநாள் ஊற்றுகிற பாலையும் கெடுத்துவிடும். கலயத்தைத் தேய்ப்பது ஆரம்பம் மட்டுமே. ஊற்றி, ஊறவிட்டு, குலுக்கிக் கொட்டினால்தான் அது சுத்தமாகும்.

ரூட் கெனால் செய்யும் பல் டாக்டரின் கையில் இருப்பதும் இப்படி ஒரு கலயந்தான். பல்லின் மேல்முனையிலிருந்து வேர் நுனி வரை ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் ஆழம். அடியில் கால் மில்லிமீட்டர் அகலம். பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட கூழ் இருக்கிறது. சொத்தை ஆழமாகி அந்தக் கூழ் செத்தால், அது இருந்த அறையும் வேருக்குள் ஓடும் கால்வாயும் கிருமிகளுக்குக் குடியிருப்பு. டாக்டர் மேலே துளையிட்டு, ஃபைல் என்னும் மெல்லிய அரங்களை உள்ளே விட்டுச் சுரண்டுகிறார். நார் சுற்றிய குச்சியின் கதைதான் இங்கும். 2001-இல் பீட்டர்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் மேல் கடைவாய்ப் பற்களை நுண் சி.டி. ஸ்கேனில் வைத்து, சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். நான்கு வகை முறைகளைப் பார்த்தார்கள். எந்த முறையிலும் கால்வாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ ஃபைல் தொடாமலே இருந்தது.

சுவரும் மண் சுவர் போலத்தான். டென்டின் என்னும் அந்தப் பொருளில் 1 முதல் 2.5 மைக்ரான் அகலமுள்ள நுண்குழல்கள், கூழை ஒட்டிய இடத்தில் சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் என்ற கணக்கில் நிறைந்திருக்கின்றன. சிகிச்சை தோற்றுப்போன பற்களில் அடிக்கடி அகப்படும் என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற கிருமி ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அளவுடையது. குழலுக்குள் தாராளமாக நுழையும். உணவில்லாமல் நெடுநாள் கிடக்கும். வேர் சிகிச்சையில் மருந்தாக வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தையும் தாங்கிப் பிழைக்கும்.

கலயத்தில் மூன்று வேலைகள் உண்டு. மூன்றுக்கும் ஒரே பொருளை யாரும் ஊற்றுவதில்லை. ஒட்டிய ஆடையைக் கரைக்கச் சோடாவோ சீயக்காயோ போடுவார்கள். உப்புத்தண்ணீர் விட்ட வெள்ளைப் படிவை எடுக்கப் புளித்தண்ணீர். புளிப்பை அடக்கக் கொதிநீர். பல்லுக்குள்ளும் அதே மூன்று: செத்த சதையைக் கரைக்க வேண்டும், தாதுப் படிவை எடுக்க வேண்டும், கிருமியைக் கொல்ல வேண்டும். மூலிகைக் கழுவுநீரைப் பற்றிய வாதங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருகின்றன.

முதலில், இப்போது ஊற்றப்படுவது என்ன என்று பார்க்கலாம். சோடியம் ஹைப்போகுளோரைட். கிளினிக்கில் சுருக்கமாக ஹைப்போ. முதல் உலகப் போரில் வேதியியலாளர் ஹென்றி டேக்கினும் அறுவை மருத்துவர் அலெக்சிஸ் கேரலும் சீழ் பிடித்த போர்க்காயங்களைக் கழுவ இதை 0.5 சதவீதக் கரைசலாகப் பயன்படுத்தினார்கள். பல் வைத்தியத்தில் 0.5 முதல் 6 சதவீதம் வரை கையாளுகிறார்கள். புரதத்தின் பிணைப்புகளை அறுக்கும், கொழுப்பைச் சோப்பாக்கும், கிருமியைக் கொல்லும். மூன்று வேலைகளில் இரண்டை ஒரே திரவம் முடித்துவிடுகிறது.

அது செய்யாத வேலை ஒன்று. ஃபைல் சுரண்டும்போது எழும் டென்டின் தூளும் சதைத் துணுக்கும் ஈரமும் சேர்ந்து சுவரில் 1 முதல் 5 மைக்ரான் தடிமனுக்குப் பூசிக்கொண்டு, நுண்குழல்களின் வாயை அடைத்துவிடும். இதில் பெரும்பங்கு சுண்ணச்சத்து. ஹைப்போவுக்கு இது மசியாது. அதற்கு 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசல், சுண்ணத்தைப் பற்றிக்கொண்டு வெளியேறும். 1957-இல் நிகார்ட் ஓஸ்ட்பி இதை வேர் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்.

ஊற்றுகிற விதத்தையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஊசி 0.3 மில்லிமீட்டர் தடிமன்தான். நுனி மூடியிருக்கும், பக்கவாட்டில் திறப்பு. வேர் நுனிக்கு இரண்டு மில்லிமீட்டர் மேலேயே ஊசி நின்றுவிடும்படி அளந்து, ரப்பர் வளையத்தால் அடையாளம் வைத்திருப்பார்கள். டாக்டர் ஊசியை மேலும் கீழும் மெல்ல அசைத்தபடி கட்டைவிரலுக்குப் பதில் ஆள்காட்டி விரலால் அழுத்துவார். அழுத்தம் மீறாதிருக்க அது ஒரு வழி. செத்த சதை இருக்கும் இடத்தில் ஹைப்போ பட்டதும் பல்லறைக்குள் கலங்கலாக நுரை எழும். உறிஞ்சு குழாய் அதை இழுக்க, அடுத்த சிரிஞ்சு. கால்வாய் கொள்ளும் அளவு மிகச் சிறியது. உள்ளே போன மருந்து சதையோடு மல்லுக்கட்டிச் சீக்கிரமே வலுவிழந்துவிடும். அதனால்தான் திரும்பத் திரும்ப மாற்றி ஊற்றுகிறார்கள். அடிவளைவில் காற்றுக்குமிழி சிக்கினால் திரவம் இறங்காது. அதை உடைக்க மீயொலி அதிர்வு கொடுப்பது உண்டு.

இவ்வளவு வேலை செய்கிற ஹைப்போவுக்கு மாற்று எதற்கு? காரணம் இருக்கிறது. இந்தக் கலயத்துக்கு அடியில் ஒரு துளை உண்டு. அதற்குக் கீழே தாடை எலும்பு. ஹைப்போ அந்த வழியே கசிந்தால் அக்கணமே கடும் வலி, கன்னம் வீங்கும், தோலுக்கடியில் ரத்தம் கட்டும். அரிதாகவே நடக்கும் என்றாலும், அனுபவித்தவர் மறக்கமாட்டார். இன்னொன்று, ஹைப்போவுக்குச் செத்த புரதம், நல்ல புரதம் என்ற பாகுபாடு கிடையாது. டென்டினுக்கு இழுவைத் திறன் தரும் கொலாஜனையும் அரிக்கிறது. உள்ளே ஆக்சிஜனை விட்டுச் செல்வதால், பிறகு பிசின் வகைச் சிமென்ட் சரியாக இறுகிப் பிடிப்பதில்லை.

இந்த இடத்தில்தான் செடிகள் வருகின்றன. அதிகம் பேசப்படுவது நம் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் கூட்டணியான திரிபலா. சென்னை ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பலரும் மேற்கோள் காட்டுவது. பிடுங்கிய மனிதப் பற்களின் மேல் என்டெரோகாக்கஸ் கிருமியை 3 வாரமும் 6 வாரமும் படலமாக வளர்த்து, திரிபலா, பச்சைத் தேயிலையின் பாலிஃபீனால், வழக்கமான மருந்துகள் எல்லாவற்றையும் மோதவிட்டார்கள். திரிபலாவும் தேயிலையும் கணிசமாகவே கொன்றன. ஆனால் முதலிடம் 5 சதவீத ஹைப்போவுக்கு. இந்த ஆய்வில் திரிபலாவை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கஷாயமாக ஊற்றவில்லை. டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் கரைப்பானில் கரைத்துக் கொடுத்தார்கள். பத்திரிகைச் செய்திகள் இந்தச் சின்ன விவரத்தை விட்டுவிடுகின்றன. அடுப்பில் வைத்த கஷாயத்துக்கும் அதே பலன் என்று வாசகர் நினைத்துக்கொள்வதற்கு அது போதும்.

திரிபலா எப்படிக் கொல்கிறது? கடுக்காயின் துவர்ப்பில் இருக்கிறது பதில். அந்தத் துவர்ப்பு டானின். கிருமியின் வெளிச்சுவர்ப் புரதங்களைப் பற்றி இறுக்குகிறது, அவற்றின் நொதிகளை முடக்குகிறது, கிருமிக்குத் தேவையான இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. தேயிலையின் கேட்டசின்கள் கிருமியின் சவ்வைச் சிதைக்கின்றன.

ஆனால் அதே குணம் இன்னொரு வேலைக்குக் குறுக்கே நிற்கிறது. கடுக்காய் காலங்காலமாகத் தோல் பதனிடும் தொழிலில் இருப்பது எதனால்? டானின் தோலின் கொலாஜனோடு பிணைந்து அதை அழுகாமல் கெட்டிப்படுத்துவதால். புரதத்தை இறுக்குவது அதன் இயல்பு. கரைப்பது அதற்கு வராது. ஆடை ஒட்டிய கலயத்தில் கடுக்காய்த் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஆடை கரையாது, திரிந்து கெட்டியாகும். செத்த கூழ் மிச்சமிருக்கும் கால்வாயில் திரிபலாவை முதல் திரவமாக ஊற்றுவதும் அதுதான். மேலே இருக்கிற கிருமி சாகலாம், அடுத்து வரும் கிருமிக்குச் சோறு உள்ளேயே கிடக்கும்.

சதையைக் கரைக்கும் செடி இல்லையா என்றால், பப்பாளி இருக்கிறது. ஆட்டுக்கறி வேக நாம் போடும் காய்த்துண்டில் உள்ள பாப்பைன் நொதியைக் கொண்டு, சொத்தையை மென்மையாக்கிச் சுரண்டி எடுக்கும் களிம்பைப் பிரேசிலில் 2003-இல் அறிமுகப்படுத்தினார்கள். நல்ல கண்டுபிடிப்பு. எட்டும் இடத்தில் உள்ள சொத்தைக்கு அது ஒத்துவரும். வேர்க்கால்வாயின் ஆழத்தில் ஹைப்போவின் வேகம் அதற்கு இல்லை. படிவை நீக்கும் வேலைக்கு நோனி என்னும் பழத்தின் சாற்றை 2008-இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று சோதித்தது. 6 சதவீதச் சாறும் தொடர்ந்து ஈ.டி.டி.ஏ.வும் கொடுத்தபோது, ஹைப்போவும் ஈ.டி.டி.ஏ.வும் கொடுத்த அளவுக்குச் சுவர் தெளிந்தது. சுண்ணத்தை எடுத்த கை அங்கும் ஈ.டி.டி.ஏ.யினுடையதுதான் என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் செடிக்கு இடமே இல்லையா? எனக்கு நம்பிக்கை அளிக்கும் இடம் ஒன்று உண்டு. அது வரிசையின் கடைசி. ஹைப்போ கொலாஜனை அரித்துவிட்டுப் போன சுவரில், அதே இறுக்கும் குணம் வரமாகிறது. திராட்சை விதைச் சாற்றில் உள்ள புரோஆந்தோசயனிடின் கொலாஜன் இழைகளைக் குறுக்காகப் பிணைக்கிறது. எஞ்சிய ஆக்சிஜனை உறிஞ்சி, சிமென்ட்டின் பிடிப்பையும் மீட்டுத் தருகிறது. சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதைப் பற்களில் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஹைப்போ கரைக்கட்டும், ஈ.டி.டி.ஏ. படிவை எடுக்கட்டும், இடையில் உப்புநீரால் அலசட்டும். பிறகு செடி வந்து சுவரைத் தேற்றட்டும். அலசுவதைத் தவிர்க்கவே கூடாது. ஹைப்போ ஆக்சிஜனேற்றி, செடியின் சாறு அதற்கு எதிரி. கால்வாய்க்குள் இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும்.

மற்ற தடைகளும் சிறியவை அல்ல. மண்ணும் பருவமும் மாறினால் காயின் டானின் அளவு மாறும். இந்த மாத மருந்தின் வீரியம் அடுத்த மாதம் இருக்காது. வடிகட்டாத சாற்றின் துகள்கள் நுண்குழலை அடைக்கும். டானின் பல்லில் கறை விடும். கிருமி நீக்காத கஷாயமே பூஞ்சைக்கு இரை. இவற்றுக்கெல்லாம் தீர்வு காண முடியும், அதற்கு நோயாளிகளிடம் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த சோதனைகள் வேண்டும். இதுவரை வந்தவற்றில் பெரும்பங்கு பிடுங்கிய பல்லிலும் ஆய்வகத் தட்டிலும் நடந்தவை.

செடி ஏற்கெனவே உங்கள் ரூட் கெனாலுக்குள் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சுத்தம் செய்த கால்வாயை அடைக்கும் கட்டாபெர்ச்சா மலாய்த் தீவுகளின் மரப்பால். அதோடு சேர்த்துப் பூசும் பசைகளில் ஒரு வகை, கிராம்பு எண்ணெயின் யூஜினாலால் ஆனது. இரண்டும் மூலிகை என்பதற்காக உள்ளே வரவில்லை. அந்த இடத்தில் அந்த வேலையைச் செய்ததால் வந்தன. திரிபலாவுக்கும் தேயிலைக்கும் நாம் வைக்க வேண்டிய அளவுகோல் அதுவே.

நீங்கள் வேர் சிகிச்சைக்குப் போவதாக இருந்தால், மூலிகை மருந்து உண்டா என்று விசாரிப்பதற்கு முன் ரப்பர் டேம் போடுவீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல்லைச் சுற்றிக் கட்டும் அந்த ரப்பர் விரிப்பு எச்சில் உள்ளே இறங்காமலும் ஹைப்போ வாய்க்குள் சிந்தாமலும் காக்கும். வீட்டில் திரிபலா நீரால் வாய் கொப்பளிப்பது ஈறுக்கு உதவலாம். அது பல்லின் உள்ளே போகாது. முதல் நாளே வலி அடங்கிவிட்டது என்று மீதி நாள்களைத் தள்ளிப் போடாதீர்கள். தற்காலிக அடைப்பு கசிந்தால், கழுவிய கலயத்தில் பழைய புளிப்பு மறுபடியும் ஏறிவிடும்.