வலிக்காத புண்

பல்வலி வந்தால் இரவோடு இரவாக மருந்து தேடுகிறோம். காலில் முள் தைத்தால் எடுக்கும்வரை ஓய்வதில்லை. ஆனால் கன்னத்தின் உட்புறத்தில் சிறு புண் ஒன்று தோன்றி, அது வலிக்காமலும் இருந்தால், "தானே ஆறிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

வாயின் உட்புறத்தை ஈரமான மெல்லிய படலம் ஒன்று மூடியிருக்கிறது. அதன் மேற்புற உயிரணுக்கள் தேய்ந்து உதிர, அடியிலிருந்து புதியவை தோன்றி அந்த இடத்தை நிரப்புகின்றன. புகையிலையின் நச்சுப் பொருள்கள் ஆண்டுக்கணக்கில் பட்டுவந்தால், இந்தப் பெருக்கத்தை ஒழுங்குபடுத்தும் மரபணுக்கள் பழுதடைகின்றன. கட்டுமீறிப் பெருகும் உயிரணுக் கூட்டமே புற்று. புகையிலையோடு மதுவும் சேர்ந்தால் தீங்கு பன்மடங்காகிறது. "புகையிலை போடாத வெறும் பாக்குதானே" என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருளே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது.

குடலிலோ கணையத்திலோ வளரும் புற்றைக் கண்ணால் காண இயலாது. வாய் அப்படியன்று, கண்ணாடி முன் நின்று நாமே பார்க்கலாம். சுரண்டினாலும் போகாத வெண்திட்டு, வெல்வெட்டுப் போன்ற செந்திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் திறப்பது குறைந்துவருதல், கழுத்தில் நெறிக்கட்டு, மூன்று வாரத்திற்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல் ஆகியவை எச்சரிக்கைகள். இவை இருந்தாலே புற்று என்று பொருளன்று. மருத்துவரிடம் காட்டவேண்டும் என்றே பொருள்.

இவ்வாறு பார்ப்பதால் பயன் உண்டா? திருவனந்தபுரம் மாவட்டத்தில் 35 வயதைக் கடந்த ஏறத்தாழ 1,90,000 பேரிடம் 1996 முதல் இதை ஆராய்ந்தனர். பாதிப்பேரின் வாயைப் பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் மூன்று சுற்றுகளாகச் சோதித்தனர். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, சோதிக்கப்பட்ட பிரிவில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2005-இல் முடிவு வெளியாயிற்று.

ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறு துணுக்குத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வதே நோயை உறுதிசெய்யும் வழி. "கத்தி பட்டால் புற்று பரவும்" என்ற அச்சத்தால் இதைத் தள்ளிப்போடுவோர் பலர். பரவச் செய்வது கத்தியன்று, காலதாமதமே.

தொடக்கநிலை வாய்ப் புற்றுக்கு அறுவை மருத்துவமே முதன்மையானது. இந்நோய் பரவத் தொடங்கினால் முதலில் சேருமிடம் கழுத்தின் நிணநீர்க் கணுக்கள். அவற்றையும் அப்போதே அகற்றிவிடுவதா, கட்டி தோன்றிய பிறகு அகற்றுவதா என்ற கேள்விக்கு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015-இல் விடை தந்தது. முன்கூட்டியே அகற்றியவர்களில் நூற்றுக்கு 80 பேரும், காத்திருந்தவர்களில் ஏறத்தாழ 68 பேரும் மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தனர்.

நோய் முற்றியிருந்தால் அறுவையோடு கதிர்வீச்சும், தேவைக்கேற்ப மருந்துகளும் சேர்க்கப்படும். தாடையை அகற்ற நேரிட்டால், கால் எலும்பின் ஒரு பகுதியைக் கொண்டு அதை மீண்டும் அமைக்கிறார்கள். குரல்வளைப் புற்றில், தொடக்கநிலையிலேயே வந்தவர்களுக்குக் கதிர்வீச்சு அல்லது லேசர் மூலம் குரலையும் பெரும்பாலும் காப்பாற்ற முடிகிறது.

இன்று இரவு பல் துலக்கும்போது ஒரு நிமிடம் கூடுதலாகக் கண்ணாடி முன் நில்லுங்கள். நாக்கைத் தூக்கி அடிப்புறத்தையும், கன்னத்தை விலக்கி உட்புறத்தையும் பாருங்கள். வீட்டில் வெற்றிலை போடும் பாட்டி இருந்தால், அவர் வாயையும் பாருங்கள். வலிக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்.