யானை போகும் வழியில் ஓர் அறை

தென்னாப்பிரிக்காவில் தனியார் சரணாலய விடுதியில் தங்கி, திறந்த ஜீப்பில் சிங்கம் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? அங்கே ஓர் இரவுக்கான வாடகை சென்னை மணலியில் பலருக்கு மாதச் சம்பளம். அதனால் நம்மவர்கள் நீலகிரியின் மசினகுடிக்குப் போகிறார்கள். காட்டோரம் ரிசார்ட், ஜீப் சவாரி, ராத்திரி தீ மூட்டிப் பாட்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வேறுபாடு வேலியில் இருக்கிறது. க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் சரணாலயம் சுமார் 65,000 ஹெக்டேர், நிலம் தனியாருடையது. உரிமையாளர்கள் 1948-இல் ஒன்றுசேர்ந்து அமைத்தார்கள். க்ரூகருக்கும் அதற்கும் நடுவே இருந்த வேலி 1993-இல் அகற்றப்பட்டது. கிராமங்கள் இருக்கும் மேற்குப் பக்கம் வேலி இன்றும் உண்டு. அங்கேயும் எல்லாம் சொர்க்கமில்லை. ஆனாலும் விலங்குக்கு நடக்க இடம் கூடியது.

மசினகுடியில் நடந்தது நேர்மாறு. இந்த ஊர் இருக்கும் சீகூர் பீடபூமிக்குத் தெற்கே நீலகிரிச் சரிவு, வடக்கே மாயாற்றுப் பள்ளம். இரண்டுமே யானை எளிதில் ஏறி இறங்க முடியாத செங்குத்து. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே போய்வர மிஞ்சுவது நடுவிலுள்ள சமவெளிதான். சென்னைத் துறைமுக வாசலுக்குப் போகும் எண்ணூர் சாலை அடைத்தால் கன்டெய்னர் லாரிகள் மணலி வரை நிற்கின்றன அல்லவா, அப்படியொரு குறுகல்.

யானை ஏன் இவ்வளவு நடக்கிறது? அதன் குடல் மாட்டின் வயிறு போலத் திறமையானதல்ல. தின்பதில் பாதிக்கும் மேல் செரிக்காமலேயே வெளியே போகிறது. ஆகவே நாளுக்குச் சுமார் 150 கிலோ தீனி, நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர். ஒரே இடத்தில் நின்றால் அந்தக் காடு தாங்காது. சீகூரோ மழை மறைவுப் பகுதி, முள்காடு. பருவத்துக்குப் பருவம் பசுமை இடம் மாறும். எங்கே எப்போது தண்ணீர் என்பது கூட்டத்தை நடத்தும் மூத்த பெண் யானைக்குத் தெரியும். அந்த வழியில் மின்வேலியும் விளக்கும் வந்தால் கூட்டம் வயலுக்குள் திரும்பும், ஊருக்குள் திரும்பும். அடி வாங்குவது விவசாயி.

தமிழக அரசு 2010-இல் சீகூரின் இந்தப் பாதையை யானை வழித்தடமாக அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் 27 ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைக்கச் சொன்னது; 2020 அக்டோபர் 14 அன்று வழித்தடத்தை உறுதிசெய்து, உரிமையாளர்களின் குறைகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. மறு ஜனவரியிலேயே மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மேல் எரியும் பொருளை வீசினார்கள். காது கருகி, சில நாளில் அது செத்தது. அந்தக் காணொளியை நாடே பார்த்தது.

தனியார் விடுதி என்றாலே காட்டுக்குக் கேடு என்று நான் சொல்லமாட்டேன். சீகூரில் விடுதி கட்டிய இடம் தவறு, அவ்வளவுதான்.

இந்த விடுமுறைக்குப் போகிறீர்களா? முதுமலையின் தெப்பக்காட்டில் வனத்துறையின் தங்கும் அறைகள் இருக்கின்றன, முதலில் அங்கே விசாரியுங்கள். தனியார் விடுதி என்றால் மின்வேலி உண்டா, வழித்தடத்துக்குள் வருகிறதா என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். “நைட் சஃபாரி கூட்டிப்போகிறோம்” என்று யாராவது சொன்னால் போகாதீர்கள், அது சட்டவிரோதம்.