ஸ்டோரில் கிடந்த ஹொண்டா 50: பழைய இரும்பா, முதலா?

பழைய கடைகளின் ஸ்டோரைத் துப்புரவு செய்யும்போது, சாக்குகளுக்கும் தகரங்களுக்கும் பின்னால் இருபது முப்பது வருடமாக மறந்து கிடந்த ஒரு ஹொண்டா 50 வெளிப்படுவது நமது ஊர்களில் புதுமையல்ல. கண்டவுடன் ஒருவர் "பழைய இரும்புக்குப் போடுங்கள்" என்பார். இன்னொருவர் "இதற்கு இப்போது லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்" என்பார். இருவரும் சாமானைப் பார்க்காமல் விலை சொல்பவர்கள்.

இந்த வண்டி நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. 1958இல் ஜப்பானில் சொய்ச்சிரோ ஹொண்டாவும், அவரது கம்பனியின் விற்பனையையும் பணத்தையும் கவனித்து வந்த டக்கேயோ புஜிசாவாவும் 'சுப்பர் கப்' என்ற பெயரில் இதனைச் சந்தைக்கு விட்டார்கள். ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டிப் போகும் கடைப் பையனுக்கும் வண்டி உதவ வேண்டும் என்பது அவர்களது எண்ணம். அதனால்தான் இதில் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை. 1966இல் வந்த சி50 தான் இன்றும் ஸ்டோர்களில் அகப்படுவது. 49 சீசீ, நான்கு ஸ்ட்ரோக், மூன்று கியர். 2017 ஒக்டோபரில் இந்தக் குடும்பத்து வண்டிகளின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது. பத்துக் கோடி செய்த சாமானை 'அபூர்வம்' என்று சொல்லி விற்க வருபவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

விலையை ஏற்றுவதும் இறக்குவதும் முதலில் பதிவுப் புத்தகம். அது இல்லாத வண்டி, உதிரிப்பாகக் குவியலுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். புத்தகத்தில் உள்ள இன்ஜின், செசி இலக்கங்கள் வண்டியில் அடித்திருப்பவற்றோடு ஒத்துப்போக வேண்டும். சி50 இன்ஜின் இலக்கம் 'சி50இ' என்று தொடங்கும். வேறு எழுத்தில் தொடங்கினால் இன்ஜின் மாற்றப்பட்டிருக்கிறது. அடுத்தது, கம்பனி பூசிய பெயின்ட். தூசியைத் துடையுங்கள், அவசரப்பட்டுப் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். மங்கிய பழைய நிறத்துக்குத்தான் சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று, கண்டவுடன் கிக்கரை உதைக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, பிறகு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். துருப்பிடித்து இறுகிய பிஸ்டனைக் காலால் உதைத்தால் உடைவது நமது சல்லி. பழைய பெற்றோல் பிசினாகி கார்பரேட்டரை அடைத்திருக்கும். டயர், வயர், பிரேக் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. சாமான் பஞ்சிகாவத்தையில் தேடலாம். ஆனால் தேடுமுன் செலவை எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, வண்டி யாருடையது என்பது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூத்த மகன், மர்ஹூமான வாப்பாவின் ஹொண்டாவுக்கு முற்பணமும் வாங்கிவிட்டார். தங்கை கேள்விப்பட்டு, "என்னை மத்ரஸாவுக்கு ஏற்றிப்போன வண்டி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே" என்று அழுதிருக்கிறார். அழுகையை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். மர்ஹூமின் பெற்றோர் உயிரோடில்லை, கடனும் வஸிய்யத்தும் இல்லை. மனைவி, இரண்டு ஆண்மக்கள், ஒரு மகள். வண்டியின் பெறுமதியை 40 பங்காக்கினால் உம்மாவுக்கு 5, ஆண்மக்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. அப்படியானால் மூத்தவர் விற்றதில் 26 பங்கு அவருடையதல்ல. முற்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பின்னர் விலை மதித்து, இளைய மகன் மற்றவர்களின் பங்கைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டார்.

சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் வண்டிக்கு ஸகாத் இல்லை. திருத்தி விற்கும் நோக்கத்தில் வாங்கினால் அது வியாபாரச் சரக்கு. வருடம் பூர்த்தியாகும்போது வாங்கிய விலையை அல்ல, அன்றைய சந்தை விலையைக் கணக்கில் சேர்த்து இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும். விற்கும்போது இன்ஜின் மாற்றியது, செசி ஒட்டியது எல்லாவற்றையும் வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லி, ரசீதிலும் எழுதிக் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகுமுன், மரணச் சான்றிதழையும் எல்லா வாரிசுகளின் சம்மதத்தையும் எழுத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.