வர்ணத்தில் மின்னும் வளையல்!

எங்கள் குத்தாலத்துக்குப் பக்கம்தான் கும்பகோணம். அங்கே அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர் ஓவியர் இளையராஜா. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டு போய்விட்டது, பாவம்.

அவர் வரைந்த வளையலையும் ஜிமிக்கியையும் பாருங்களேன், போட்டோ என்றே நினைப்பீர்கள்! தஞ்சாவூர்ப் படத்தில் நகைக்குத் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். இவருக்கு வெறும் வர்ணம் போதும். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் பழுப்பு, வெளிச்சம் படுகிற இடத்தில் வெள்ளையாய் ஒரு பொட்டு, ஜரிகை மின்னுகிறது! புடவைக் கசங்கல்கூடத் தப்பவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது, அந்தப் பெண்கள் பெரும்பாலும் நம்மைப் போல மாநிறம், கறுப்பு.

"கறுப்புக்குச் சிவப்புக்கல் எடுக்காதும்மா" என்று தோட்டைக் கழற்றி வைத்துவிடுவாள் என் பெண். யாரோ உறவுக்காரி சொன்ன பேச்சு. அவளிடம் ஒரு படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்த வளையல் நம்ம கடைத்தெருவுல கிடைக்குமாம்மா?" என்றாள்.