பாடத்தைத் தெரியும்போதே பட்டத்தையும் எண்ணுவோம்

"பிள்ளை பல்கலைக்கழகத்தில் எதைப் படிக்கலாம்?" என்று பெற்றோர் பலர் நம்மிடம் கேட்பது உயர்தரப் பெறுபேறு வந்த பின்னர்தான். உண்மையில், சாதாரண தரம் முடிந்து பாடப்பிரிவைத் தெரியும்போதே பாதி முடிவாகிவிடுகிறது.

மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றும் வேண்டும். பொறியியலுக்கு உயிரியலுக்குப் பதிலாக இணைந்த கணிதம் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவமும், வந்தாறுமூலையில் விவசாயமும் கற்க விஞ்ஞானப் பாடங்கள் தேவை. சட்டத்துக்கு எப்பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். கலைப்பிரிவு தாழ்ந்ததல்ல, ஆனால் அதிலிருந்து மருத்துவத்துக்கு வழியில்லை.

2006 இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களை நாம் அறிவோம். இடம்பெயர்ந்த பிள்ளை முகாமுக்கு அருகிலுள்ள பாடசாலையிலேயே சேர்கிறது. அங்கே விஞ்ஞானப் பிரிவு இல்லையென்றால் கலைப்பிரிவுதான். பிள்ளையின் விருப்பத்தை எவரும் கேட்பதில்லை.

"நமக்கு எட்டாது" என்று ஒதுங்கவும் வேண்டாம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. திருகோணமலையும் அம்மாவட்டங்களுள் ஒன்று. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம்.

ஆகவே பெற்றோரே, படிவத்தில் ஒப்பமிடுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளை விரும்பும் பட்டத்துக்குரிய பாடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்பாடங்கள் அருகில் இல்லையெனில், அவை உள்ள பாடசாலையில் இடம் தேடுங்கள். எங்கு இடம்பெயர்ந்தாலும் பாடசாலை, வதிவிட ஆவணங்களைக் காணி உறுதியைப் போலப் பத்திரப்படுத்துங்கள்.