உங்களுக்குத் தெரியுமா? மாத்திரையோடு ஒரு பரிசோதனையும்!

எச்.ஐ.வி. உள்ள பெண்கள் பலர் இன்று மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போய், பேரன் பேத்திகளைக் கொஞ்சி, நன்றாக வாழ்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேர வேண்டிய சேதி ஒன்று உண்டு: கருப்பை வாயையும் கவனியுங்கள்.

● இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. தொற்று தெரியவந்த அத்தனை பேரும் பெண்கள்.

● 2008-ன் மருத்துவ நோபல் பரிசில் பாதி, கருப்பை வாய்ப் புற்றுக்கு எச்.பி.வி. வைரஸே காரணம் எனக் காட்டிய ஹெரால்ட் சுர் ஹாசனுக்கு. மறுபாதி, எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்த பாரே-சினோசி, மோன்தான்யே இருவருக்கும். பரிசு மேடையில் சேர்ந்த இந்த இரண்டு வைரஸ்களும் பெண்ணின் உடலிலும் கைகோக்கின்றன.

● எச்.பி.வி. தொற்று பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும். எதிர்ப்பு சக்தி குறைந்த உடலில் அது தங்கிவிடுகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 6 மடங்கு. மற்றவர்களுக்குப் புற்றாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. இருந்தால் 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

● ஆபத்தைக் கூட்டுபவை: குறைந்த சிடி4 (நோய் எதிர்ப்பு செல்) அளவு, தாமதமாகத் தொடங்கிய சிகிச்சை, பிற பால்வினைத் தொற்றுகள், பல பிரசவங்கள், புகைப்பழக்கம். கணவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் எச்.பி.வி. வரலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

● ஆணுறை எச்.பி.வி.யைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அந்த வைரஸ் தோலோடு தோல் உரசியும் பரவும்.

● கருப்பை வாய்ப் பரிசோதனை எப்படி? நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் உள்ள புளிப்பை, பஞ்சில் தொட்டுக் கருப்பை வாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். கெட்டுப்போன செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாக வெளுக்கும். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில், இந்த எளிய சோதனையும் அதையடுத்த சிகிச்சையும் கருப்பை வாய்ப் புற்றால் நேரும் மரணத்தை 35 சதவீதம் குறைத்தன. 2007-ல் வெளியான முடிவு இது.

● மற்றப் பெண்களுக்கு 30 வயதில் பரிசோதனை தொடங்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25-லேயே தொடங்க வேண்டும், எச்.பி.வி. வைரஸையே தேடும் டி.என்.ஏ. சோதனை என்றால் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இது. வலியோ ரத்தப்போக்கோ வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் அறிகுறியே இருக்காது.

● எச்.பி.வி. தடுப்பூசி உண்டு. புனேயில் தயாராகும் 'செர்வாவேக்' 2022-ல் அனுமதி பெற்றது. எச்.ஐ.வி. உள்ள சிறுமிகளுக்கு 3 தவணை போடுவதே நல்லது. ஊசி போட்டாலும் பின்னாளில் பரிசோதனை வேண்டும்.

● எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி யாரும் சிகிச்சையை மறுக்கக் கூடாது. சம்மதமின்றி வெளியே சொல்லவும் கூடாது. 2017-ன் எச்.ஐ.வி. சட்டம் தரும் உரிமை இது. சந்தேகமா? 1097-ஐ அழையுங்கள், கட்டணமில்லை.

● சைதாப்பேட்டைவாசிகளுக்கு எச்.ஐ.வி., புற்று இரண்டுக்குமான சிகிச்சை வாசல்கள் பக்கம். மின்சார ரயிலேறினால் தாம்பரம் சானடோரியம். 2004-ல் நாட்டில் எச்.ஐ.வி.க்கான இலவச ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்கிய முதல் மருத்துவமனைகளில் ஒன்று அங்குதான். மறைமலை அடிகள் பாலம் தாண்டி சின்னமலை வழியாகப் போனால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம்.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, "எனக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை எப்போம்மா?" என்று நர்ஸிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.