காட்டுயிர் உயிரியல்: என்ன படிப்பு, எங்கே படிக்கலாம்?

விலங்குகளுக்காக வேலை செய்ய வேண்டும் என்று பிளஸ் டூ மாணவர் சொன்னால், பெரும்பாலும் கால்நடை மருத்துவத்தையே கைகாட்டுகிறோம். காட்டுயிர் உயிரியல் என்றொரு துறை இருப்பதும், அதைத் தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரியிலேயே படிக்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

எதற்கு இந்தத் துறை?

கால்நடை மருத்துவர் நோயுற்ற விலங்கைக் கவனிக்கிறார். காட்டுயிர் உயிரியலாளர் ஓர் இனத்தையே கவனிக்கிறார்: எத்தனை இருக்கின்றன, பெருகுகின்றனவா, குறைந்தால் ஏன்? ராஜஸ்தானின் பரத்பூரில் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளைப் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் எண்ணிவந்ததால்தான் 1990களில் அவற்றின் சரிவு வெளிச்சத்துக்கு வந்தது. 1992 முதல் 2007 வரை வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அவற்றின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததே காரணம் என்பதை, பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் நிறுவியது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது. எண்ணிப் பார்த்தவர்களும் இறந்த பறவைகளை அறுத்து ஆராய்ந்தவர்களும் இல்லையென்றால் காரணமே பிடிபட்டிருக்காது.

என்ன கற்பிப்பார்கள்?

இளநிலை விலங்கியலில் உடலியங்கியல், மரபியல், பரிணாமம், சூழலியல். முதுநிலையில் காட்டு வேலை கூடும்: காலடித்தடம், எச்சம் பார்த்து விலங்கை அறிதல், குறித்த பாதையில் நடந்து மான்களை எண்ணுதல், தானியங்கி கேமரா பொருத்துதல். ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இருக்காது. கேமராவில் பதியும் படங்களைக் கொண்டு மொத்தப் புலிகளைக் கணிக்கும் முறையைக் காட்டுயிர் உயிரியலாளர் உல்லாஸ் கரந்த் 1990களில் நாகரஹொளேயில் செய்துகாட்டினார். இதற்குப் புள்ளியியல் அவசியம். கணக்கைத் தவிர்க்க உயிரியல் எடுப்பவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே படிக்கலாம்?

உதகை அரசு கலைக் கல்லூரியிலும், மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. டேராடூனில் 1982இல் தொடங்கிய இந்திய வனஉயிரின நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரி அறிவியல் மையமும் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கின்றன, இடங்கள் குறைவு. கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி மையம் பறவை ஆய்வுக்குப் பெயர்பெற்றது.

வேலை கிடைக்குமா?

விலங்கியல் பட்டதாரிகள் இந்திய வனப் பணித் தேர்வு எழுதலாம். ஆய்வு நிறுவனங்கள், வனத்துறைத் திட்டங்கள், தன்னார்வ அமைப்புகளிலும் வாய்ப்பு உண்டு. தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை, சம்பளமும் அதிகமிராது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் 5 புலிகள் காப்பகங்களும் மன்னார் வளைகுடாவும் உள்ள மாநிலம் நம்முடையது. இவற்றைக் காக்கக் காட்டை அறிந்த இளைஞர்கள் நிறையப் பேர் தேவை. பிள்ளைகள் இந்தப் படிப்பைக் கேட்டால், பெற்றோர் தடுக்காமல் கல்லூரியின் பாடத்திட்டத்தை ஒருமுறை வாங்கிப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.